சந்தையை அசைத்த இரண்டாவது தட்டு

கீழே வருவதில் ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைத்துச் சத்தியம் செய்யத் தயார். தடிமனான புத்தகமாக இருந்தால் இரண்டு கைகளையும் வைக்கலாம். அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறை வெளியிடும் எண்கள் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை இது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் உறுதி கொடுக்க முடியும்?

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம், தேய்ந்த டயர்களை அடுக்கியிருக்கும் சுவரை ஒட்டி ஒரு சிறிய அறை. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, மூடி தொலைந்த சாப்பாட்டு டப்பா, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு இறங்கியவர் எப்படி நடந்து போனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மற்றபடி எல்லாம் குடைகள். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் குடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் சொந்தக் குடை கிடையாது. மழை வந்தால் நனைந்துகொண்டே போவார். அடுத்தவர் குடையை விரிக்க மனம் வராது.

குடைக்காரர் ஒண்டிக்கட்டை. ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, மூலையில் சமையல் மேடை. காலையில் வீட்டைப் பூட்டும்போது "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால், பூட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை ஒரு விருந்தாளி உண்டு. புள்ளிவிவரத் துறையிலிருந்து கணக்கெடுக்கிற பெண் வருவார். 'குடும்பச் செலவு ஆய்வு' என்று அதற்குப் பெயர். 'தனியாள் குடும்பம்' என்ற பிரிவில் குடைக்காரர் சேர்க்கப்பட்டிருந்தார். அந்தப் பெண் வரும் நாளில் குடைக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வார். பல நாளாக யாரும் உட்காராத நாற்காலியைத் துடைத்துப் போடுவார். தேநீர் தயாராக இருக்கும்.

"இந்த மாசம் சோப்பு எத்தனை வாங்கினீங்க?"

"ஒண்ணு."

"முட்டை?"

"முட்டையைக் கேட்டீங்கன்னா அது ஒரு பெரிய கதைங்க. கடைக்காரன் டப்பாவோடதான் தருவேன்னு ஒரே பிடிவாதம். நான் சொன்னேன், ஏம்ப்பா, தனியா இருக்கறவன்..."

"எண்ணிக்கை மட்டும் போதுங்க."

"ஆறு."

அந்த ஆறு முட்டைகளைப் பற்றி அவரிடம் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. அந்தப் பெண்ணோ அடுத்து பற்பசைக்குப் போய்விட்டார். பற்பசை, பிளேடு, மின்சாரம், செருப்பு என்று கேள்விகள் தீர்ந்துகொண்டே வரும். தீரத் தீரக் குடைக்காரர் தேநீரை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

"முடிஞ்சுதுங்க."

"பாத்திரம் தேய்க்கிற நார் பத்திக் கேக்கலையே?"

"அதுக்கு இந்த வருஷம் கேள்வி இல்லைங்க."

கதவு சாத்தப்படும். அடுத்த மாதம் வரை அந்த நாற்காலிக்கு ஓய்வு.

குடைக்காரருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தொடக்கத்தில் தனியாள் பிரிவில் நாடு முழுக்கப் பல நூறு பேர் இருந்தார்கள். சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள், சிலர் செத்துப்போனார்கள். துறை இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்தான் போட்டது. மிச்சப் பேர் கதவைத் திறக்கவே இல்லை. கடைசியில், மாதாமாதம் கதவைத் திறந்து தேநீரும் கொடுத்துப் பதில் சொல்ல நாட்டிலேயே ஒருவர்தான் மிஞ்சினார். துறை அசரவில்லை. ஒருவர் இருந்தாலும் ஆய்வு ஆய்வுதான். குடைக்காரர் ஒரு சோப்பு வாங்கினால், நாட்டிலுள்ள லட்சக்கணக்கான தனியாட்களும் ஆளுக்கொரு சோப்பு வாங்கினார்கள் என்று பெருக்கிப் போட்டுக்கொண்டது.

அப்படிப் பெருக்கி வந்த எண்ணை வெளியிடுவதற்கு ஒரு முறை இருந்தது. எண்ணை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பெட்டிக்கு மூன்று சாவிகள். ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று அதிகாரிகளிடம் அவை இருக்கும். பேசிக்கொண்டால் ரகசியம் கசிந்துவிடுமே! சாவிக்காரர்கள் பதவியேற்பதற்கு முன்னால் தங்களுக்குள் நல்ல சண்டை ஒன்று போட்டாக வேண்டும் என்பது விதி. மாதத்தின் முதல் காலையில், சந்தை திறப்பதற்குச் சற்று முன்னால், பெட்டி திறக்கும். துறையின் இயக்குநர் எண்ணைப் படிப்பார். ஒருமுறை படிப்பதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துவிட்டார். இரும்புக் கம்பெனிப் பங்குகள் சரிந்துவிட்டன. அதிலிருந்து கனைப்புகளுக்கு முன்னறிவிப்பு தரவேண்டும் என்று சுற்றறிக்கை போனது.

எண் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் சந்தை ஏறும். குறைந்தால் இறங்கும். எதிர்பார்த்த அளவே வந்தால், அப்படி வரும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி விழும். இதற்கெல்லாம் காரணம் சொல்லத் தொலைக்காட்சியில் நிபுணர்கள் இருந்தார்கள். விழுந்த பிறகு காரணம் சொல்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு மாதம் குடைக்காரருக்குக் கடைவாய்ப்பல் வலி. தேநீரில் தோய்த்துத் தின்னும் பிஸ்கட்டை நிறுத்திவிட்டார். அடுத்த வெளியீட்டில் பிஸ்கட் கம்பெனிகள் தலைகுப்புற விழுந்தன. பணிமனை உணவகத்தின் தொலைக்காட்சியில், 'பிஸ்கட்டைக் கைவிட்டனர் தனியாட்கள்' என்று சிவப்பு எழுத்து ஓடியது. கம்பெனி முதலாளி ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி, "இந்தத் தலைமுறை நம்பிக்கையை இழந்துவிட்டது" என்றார்.

சம்பளத்தில் பாதியைப் பங்குகளில் போடுகிற கண்டக்டர் ஒருவர் குடைக்காரருக்கு எதிரில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏன் குடையண்ணே, உங்களை மாதிரி ஒண்டிக்கட்டைங்களுக்கெல்லாம் என்ன வந்துது? ரெண்டு பிஸ்கட் தின்னா தேஞ்சா போயிடுவாங்க? என் காசு பாதி அவுட்டு."

"பல்வலியா இருக்கும்ப்பா."

"லட்சக்கணக்கான பேருக்கும் ஒரே நேரத்துலயா?"

"இருக்கலாமே. யாரு கண்டா?"

அன்று சாயங்காலம் வெந்நீர்ப் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வலி முன்னைப்போல் தெரியவில்லை. எங்கெங்கோ, எந்தெந்தத் தெருவிலோ, லட்சக்கணக்கான பேர் இதே நேரத்தில் இதே பக்கத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை நினைக்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. "சரியாப் போயிடும்" என்று அவர்களிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு அவர் வெளியீட்டு நாட்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். செருப்பின் அடி பெயர்ந்து புதிதாக வாங்கிய மாதம், தனியாட்கள் எல்லோரும் செருப்பு வாங்கியிருந்தார்கள். பங்குகள் எகிறி, தொழிற்சாலை ஒன்று கூடுதல் ஆட்களை வேலைக்கு எடுத்தது. அடுத்த மாதம் அவர் செருப்பு வாங்கவில்லை. போன மாதம் வாங்கிய செருப்பு நன்றாகத்தானே இருந்தது? எடுத்த ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஜலதோஷம் பிடித்து இஞ்சி வாங்கியபோது நாடே இஞ்சி வாங்கியது. 'நம்ம ஆட்களுக்கு ஒரே மாதிரிதான் புத்தி போகுது' என்று குடைக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், நான்தான்."

"சொல்லுக்கா."

"நீ மூச்சு விடறதை வெச்சே சொல்றேன், இன்னும் சாப்பிடல."

"சாப்பிட்டேனே."

"என்ன?"

"முட்டை."

"நேத்தும் முட்டை, முந்தாநாளும் முட்டை. உன்னைப் பார்த்தா கோழியெல்லாம் தெருவைத் தாண்டி ஓடும்டா. இங்க உன் மாமா போனப்புறம் எனக்கு மட்டும் யாரு இருக்கா? சுவத்தைப் பார்த்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. மூட்டை கட்டிட்டேன். ஒரே அடுப்புல சமைச்சு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். என்ன சொல்ற?"

குடைக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "உப்பு கம்மியா போடுவியா?" என்று கேட்டார்.

"அதை நான் வந்து முடிவு பண்ணிக்கறேன்" என்றார் அக்கா.

மறுநாளே கடைக்குப் போய் இரண்டாவது தட்டு ஒன்று வாங்கினார். இரண்டாவது தலையணை, பெரிய பாத்திரம், கொஞ்சம் யோசித்து இரண்டாவது பல்துலக்கி. மாதக் கடைசியில் கணக்கெடுக்கிற பெண்ணிடம் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னார். அவரும் எதிர்க்கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டே போனார்.

அந்த மாத வெளியீட்டில் பூகம்பமே வந்துவிட்டது. நாட்டிலுள்ள தனியாட்கள் அத்தனை பேரும் இரண்டாவது தட்டும் தலையணையும் வாங்கிவிட்டார்கள்! இது கல்யாண அலை என்றார்கள் நிபுணர்கள். கட்டில் கம்பெனிகள் ஏறின, தொட்டில் கம்பெனிகள் ஏறின, பள்ளிச் சீருடைத் துணி ஏறியது. பிள்ளை வளர்த்தால் தலை நரைக்கும் என்று தொலைநோக்கோடு கணித்த சிலர் தலைச்சாயக் கம்பெனிப் பங்குகளை அள்ளினார்கள். கண்டக்டர் உணவகத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மத்திய வங்கித் தலைவர் மட்டும் கலங்கிப்போனார். "ஒரு தட்டு வரை நம் பொருளாதாரம் தாங்கும்" என்று அவர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். "இரண்டாவது தட்டு கவலையளிக்கிறது. மக்கள் இந்த வேகத்தில் ஒருவரையொருவர் விரும்ப ஆரம்பித்தால் விலைவாசியை யார் பிடிப்பது? தேவைப்பட்டால் வட்டியை உயர்த்தி இந்த உறவுகளைக் குளிரவைப்போம்." மறுநாள் சந்தை விழுந்தது. கண்டக்டர் தேநீர்க் காசைத் திருப்பிக் கேட்டார்.

பெருக்கலுக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்று துறை தேடிக்கொண்டு வந்தது அப்போதுதான். இயக்குநரே வந்தார். கூடவே துணை இயக்குநர். அவருக்குத் தலையாட்டுகிற வேலை. இயக்குநர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார். அரண்மனைக்குள் வந்துவிட்டவர் மாதிரி அவர் முகம் பணிவாகிவிட்டது.

"நீங்கதானா அது? லட்சக்கணக்கான பேர் நீங்க ஒருத்தர்தான்!"

குடைக்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப அந்தப் பல்வலி?"

"எந்தப் பல்வலி?"

"எனக்கு மட்டும்தானா?"

"உங்களுக்கு மட்டும்தான்" என்றார் இயக்குநர் பெருமையோடு. துணை இயக்குநர் தலையாட்டினார். குடைக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பல் என்றைக்கோ சரியாகிவிட்டிருந்தது. இருந்தும் இப்போது வலித்தது.

"விஷயத்துக்கு வரேன். உங்க அக்கா வந்து சேர்ந்தா, நீங்க ரெண்டு பேர் குடும்பம். தனியாள் பிரிவுல ஆளே இருக்காது. வெளியீட்டுல அந்தக் கட்டம் காலியாயிடும். சந்தை பயந்துடும் சார். உங்க தனிமை ஏதோ உங்க சொந்த விஷயம்னு நினைச்சுட்டு இருக்கீங்க. அது ஒரு தேசியச் சொத்து."

"வேற யாரையாவது சேர்த்துக்கலாமே? நாட்டுல தனியாளுங்களா இல்லை?"

"இருக்காங்க. தட்டினா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. திறக்கறவங்களா இருந்தா ஏன் தனியா இருக்கப்போறாங்க?"

இயக்குநர் துறையின் விதியைச் சொன்னார். ஒரே கூரை இருந்தால் குடும்பம் ஆகிவிடாது, ஒரே ரத்தம் என்றாலும் ஆகாது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஆகவே அக்கா தாராளமாக வரலாம். ஆனால் அவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். ஒரு கவளம்கூட இந்தப் பக்கம் வரக்கூடாது. அடுப்பைத் துறையே இலவசமாகக் கொடுக்கும்.

"பெரிய மனசு பண்ணுங்க. நாடே உங்க சாப்பாட்டை நம்பி இருக்கு."

நாடே நம்பி இருக்கிறது என்று ஒருவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? குடைக்காரர் சரி என்றார். மேடையின் நடுவே துறையின் ஆட்கள் மஞ்சள் நாடா ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா வந்து சேர்ந்ததும் முதலில் பார்த்தது அந்த நாடாவைத்தான்.

"என்னடா இது, சமையல் மேடையில பாம்பு மாதிரி?"

குடைக்காரர் விளக்கினார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார். "சரிதான். நீ சின்ன வயசிலயே இப்படித்தான். எவனாவது கோட்டுப் போட்டுட்டு வந்து தலையைக் கொடுடான்னா, எந்தப் பக்கமா சாய்க்கணும்னு கேப்ப."

ஆனாலும் தம்பியின் வாக்குக்காக அந்தப் பக்கமே சமைத்தார். அவர் அந்தப் பக்கம் சூப் வைப்பார், இவர் இந்தப் பக்கம் முட்டை வேகவைப்பார். இரண்டு பேரும் அவரவர் தட்டோடு எதிரெதிரே உட்கார்ந்து, அடுத்த தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவார்கள். யார் கதவைத் தட்டினாலும் அக்கா உள் அறைக்குப் போய்விடுவார். அரசாங்கத்து ஆட்களின் முகத்தைப் பார்த்தாலே தலைவலி வரும் என்பார். அதைத் துறை குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்கிறவர் சொல்வதை அப்படியே நம்புவதுதான் அதன் தொழில்.

அந்த மாதம் கணக்கெடுக்கிற பெண் வந்தபோது, அக்காவிடம் ஒரு சிட்டிகை உப்பு வாங்கியதைக் குடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். துறை அதை 'குடும்பங்களுக்கு இடையிலான வர்த்தகம்' என்று பதிந்தது. உப்புக் கம்பெனிகள் ஏறின. அக்கா வெங்காயம் வதக்கும்போது வருகிற வாசனையில் தான் முட்டையைத் தின்றதாகவும் குடைக்காரர் சொன்னார். அந்த வாசனை எந்தக் குடும்பத்தின் செலவு என்று முடிவுசெய்ய ஒரு குழு அமைத்தார்கள். காற்று வீசும் திசையைப் பொறுத்து என்று இடைக்கால அறிக்கை வந்தது. காற்றாலைப் பங்குகள் தடுமாறின.

பிறகு ஒரு நாள் நல்ல மழை. குடைக்காரர் நூற்றுக்கணக்கான குடைகளைப் பூட்டி வைத்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வீடு வந்தார். பல் கிடுகிடுத்தது. அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. அக்கா துண்டை அவர் தலைமேல் போட்டார். அவருடைய தட்டை நாடாவுக்கு அந்தப் பக்கம் இழுத்து, கரண்டி நிறையச் சூப்பை ஊற்றினார்.

"அக்கா, சந்தை..."

"சந்தையாவது மண்ணாவது. குடிடா."

குடித்தார். சூடு நெஞ்சுக்குள் இறங்கியது. இரண்டாவது கரண்டியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் கணக்கெடுக்கிற பெண் வந்தார். இந்த முறை இயக்குநரும் கூட வந்தார். விதிப்படி ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருந்தது. இந்த மாதம் வேறு யாரோடாவது ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டீர்களா?

குடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் அவர் காதருகே குனிந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னு சொன்னீங்கன்னா நான் ஒரு ஏற்பாடு பண்றேன். மாசத்துக்கு ஒருமுறை வர்ற இந்தப் பொண்ணை வாரத்துக்கு ஒருமுறை அனுப்பறேன். முட்டையைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க, நடுவுல நிறுத்தாமக் கேப்பாங்க. பாத்திரம் தேய்க்கிற நாருக்குத் தனியா ஒரு பக்கமே சேர்க்கச் சொல்றேன். ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா, இந்த வாசலை நாங்க மிதிக்க வேலை இல்லை."

குடைக்காரர் கணக்கெடுக்கிற பெண்ணைப் பார்த்தார். அவர் தலையை நிமிர்த்தாமல் விரலைத் தயாராக வைத்திருந்தார். மேடையில் இரண்டு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்திருந்தன. பிறகு சாத்தியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அக்காவோட சாப்பிட்டேன். இனிமேலும் சாப்பிடுவேன்."

இயக்குநர் நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே போனார். கணக்கெடுக்கிற பெண் உடனே எழுந்திருக்கவில்லை. கேள்விகள் எல்லாம் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தேநீரை முழுக்கக் குடித்தார். "வரேங்கய்யா. அக்காவையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியீட்டு நாளில் பெட்டி திறந்தது. தனியாள் பிரிவுக்கு எதிரே எண் இல்லை. ஒரு கோடு மட்டும் இருந்தது. இயக்குநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னறிவிப்பு இல்லாமலே கனைத்துவிட்டு, "தனியாட்கள்... கோடு" என்று படித்தார். சந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டது. கோடு என்றால் ஏற்றமா இறக்கமா? நிபுணர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அமைச்சர்தான் நிலைமையைச் சமாளித்தார். "இதைவிடப் பெரிய சாதனை உண்டா?" என்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "தனியாட்கள் கட்டத்தில் ஆளே இல்லை என்றால் என்ன அர்த்தம்? நாட்டில் தனிமையில் வாடுகிறவர் ஒருவர்கூட இல்லை என்று அர்த்தம்! போன மாதம் வரை லட்சக்கணக்கில் இருந்தவர்கள் இந்த மாதம் ஒருவரும் இல்லை. ஒரே மாதத்தில் ஒழித்துக்கட்டினோம். தனியாட்களுக்கென்று ஒதுக்கிய பணம் இனித் தேவையில்லை. அதை இன்றே சந்தைக்குத் திருப்பிவிடுகிறோம்."

சந்தை அன்று ஏறிய ஏற்றத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இயக்குநருக்குப் பதக்கம் குத்தினார்கள். துணை இயக்குநருக்குக் கழுத்துச் சுளுக்கு. பணிமனையில் கண்டக்டர் குடைக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "அண்ணே, கேட்டீங்களா? நாட்டுல ஒண்டிக்கட்டையே கிடையாதாம்!"

"நல்லதுப்பா" என்றார் குடைக்காரர். "இறக்கி விடு."

அதன் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் கேள்வி கேட்க வரவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள் பழக்கதோஷத்தில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நாற்காலியையும் துடைத்து வைத்தார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு மேடைக்குப் போய் நாடாவை உரித்து எறிந்துவிட்டு, பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்தார். இரண்டு தட்டுகளிலும் பரிமாறினார். அந்த முட்டை டப்பாவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, கடைக்காரன் பேசிய மாதிரியே பேசிக்காட்டி அக்காவுக்குச் சொன்னார். அக்கா ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை.

குடைக்காரருக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.